சரிவில் நின்ற கல் வண்டி

“பிரிவுக் கட்டுப்பாட்டாளர் நிதானமான குரலும் குறைந்த சொற்களும் உடையவர். முடிவுகளை உடனுக்குடன் எடுப்பார், எடுத்ததை மாற்றமாட்டார். பணி நேரத்தில் உறவையோ பகையையோ அறியார்.”

ரயில்வேயின் பணிக் கையேடு இப்படிச் சொல்கிறது. அதை எழுதியவர் எங்கள் பிரிவின் கட்டுப்பாட்டாளரான அண்ணியைச் சந்தித்ததில்லை.

அண்ணியின் குரல் கட்டுப்பாட்டு அறையின் மூடிய கதவைத் தாண்டி, மாடிப்படி இறங்கி, கீழே சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் போகும். ஒரு சரக்கு வண்டியை இந்த நிலையத்தில் நிறுத்தலாமா அடுத்ததில் நிறுத்தலாமா என்று தீர்மானிப்பதற்குள் பென்சிலை எடுப்பார், ரப்பரை எடுப்பார், மறுபடியும் பென்சிலை எடுப்பார். எந்த வண்டி எப்போது எங்கே இருக்கும் என்று கோடு கோடாக வரைய மேசைமேல் ஓர் அகலமான தாள் விரித்திருக்கும். அவர் வேலை முடிந்து எழுந்திருக்கும்போது அது அடித்துத் துவைத்த துணிபோல இருக்கும். எதையும் ஒரு தடவை கேட்டு நம்பமாட்டார். மூன்றாவது தடவையும் ஃபோன் அடித்துக் கேட்பார்.

இத்தனைக்கும் அவர் கையில் இருந்த எந்த வண்டியும் எதனோடும் முட்டிக்கொண்டதில்லை. அங்கே இருப்பதோ ஒற்றைப் பாதை. மலையில் கல் குவாரி, கீழே துறைமுகம். கல் ஏற்றிய வண்டி இறங்கி வரும், காலி வண்டி ஏறிப் போகும். இரண்டும் ஏதாவது ஒரு நிலையத்தில்தான் விலகிக்கொள்ள முடியும். ஒன்று மெயின் லைனில் போக, மற்றது பக்கத்தில் பிரிந்து சேரும் லூப் லைனில் ஒதுங்கி நிற்கும். நாளெல்லாம் எதிரெதிரே வண்டி விடும் இந்த வேலைக்குச் சந்தேகப்புத்தியைவிடப் பொருத்தமான தகுதி இல்லை. ஆனால் கையேட்டில் அதற்கு இடமில்லை.

உறவை அறியார் என்ற வாசகம்தான் எல்லாவற்றிலும் விசேஷம். கல் வண்டி ஓட்டுகிறவர்களில் ஒருவர் அவருடைய கொழுந்தன், கணவரின் தம்பி. “அண்ணி, லைன் குடுங்க” என்று அவர் ஃபோனில் கேட்டுக் கேட்டு, மொத்தப் பாதைக்கும் அந்தப் பெயர் தொற்றிக்கொண்டது. ஓய்வு பெறும் வயதில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் அவர் அண்ணிதான்.

பெயர் வைத்தவர் மட்டும் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். சில மாதங்களுக்கு முன் துறைமுக நிலையத்தில் கொழுந்தனின் வண்டி சிவப்பு சிக்னலைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டது. ஆளுக்கோ பொருளுக்கோ சேதமில்லை. “ரெண்டடிதான் அண்ணி, கண்டுக்காதீங்க” என்றார் அங்கிருந்த ஸ்டேஷன் மாஸ்டர். அண்ணி கண்டுகொண்டார், மேலே தெரிவித்தார். கொழுந்தனை வண்டியிலிருந்து இறக்கி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களோடு பாடம் படிக்க அனுப்பினார்கள். சிவப்பு என்றால் நில் என்று அவருக்கு மறுபடியும் சொல்லிக்கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு கிடையாது. கொழுந்தன் குடும்பம் மாடியில், அண்ணி குடும்பம் கீழே, நடுவில் மாமியார்.

“அம்மா, டேங்க்ல தண்ணி இல்லன்னு கீழ இருக்கிறவங்ககிட்ட சொல்லு.”

“அத்தை, மோட்டார் போட்டாச்சுன்னு மேல இருக்கிறவர்கிட்ட சொல்லுங்க.”

இரண்டு பேரும் ஒரே மாடிப்படியில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டு சொல்வது இது. “எனக்கும் ஒரு ஃபோன் வாங்கிக் குடுங்கப்பா, நானும் கன்ட்ரோல்ல போய் உக்காந்துக்கிறேன்” என்பார் மாமியார்.

வேலையில் அப்படி இருக்க முடியாது. டிரைவர் கட்டுப்பாட்டு அறையோடு பேசித்தான் ஆகவேண்டும். ஆகவே வீட்டில் வாய் திறக்காத இருவரும், வீட்டைவிட்டு ஆளுக்கொரு பக்கம் தூரமாகப் போனபிறகு நாள் முழுவதும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் “கன்ட்ரோல்” என்பார், இவர் “டிரைவர்” என்பார்.

அன்று மதியம் காலி வண்டி புறப்படும் முன் அண்ணி துறைமுக யார்டுக்கு ஃபோன் போட்டார். யார்டு மாஸ்டரை எல்லாரும் மாமா என்பார்கள்.

“மாமா, காலி வண்டில எத்தனை பெட்டி?”

“வழக்கம்போலத்தான்.”

“வழக்கம்னா?”

“நாப்பது அண்ணி. நேத்தும் நாப்பது, முந்தாநேத்தும் நாப்பது.”

“எண்ணினீங்களா, வாய்க்கு வந்ததைச் சொல்றீங்களா?”

“விரல் விட்டு எண்ணினேன். கால்விரலையும் சேத்து, ரெண்டு சுத்து.”

சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டார். நாற்பது. வண்டி கிளம்பும்போது இன்னொரு தடவையும் கேட்டார். “நாப்பது, நாப்பது, நாப்பது. சாமி சத்தியமா நாப்பது” என்றார் மாமா.

அத்தனையும் உண்மை. பெட்டி நாற்பதுதான். ஆனால் கடைசிப் பெட்டிக்குப் பின்னால், பழுதாகி மலை மேலுள்ள பட்டறைக்குப் போகவேண்டிய ஓர் எஞ்சினையும் கோத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பாதையில் எஞ்சினை எண்ணும் பழக்கம் இல்லை. எல்லா வண்டிக்கும் முன்னால் ஓர் எஞ்சின் இருக்கும். இருப்பதை ஏன் எண்ணவேண்டும்? அண்ணி கேட்டது பெட்டி, மாமா சொன்னது பெட்டி. மூன்று தடவையும் சரியான பதில் கிடைத்தது. கேள்விதான் மூன்று தடவையும் ஒன்றாக இருந்தது.

மலையடி நிலையத்தின் லூப் லைன் நாற்பது பெட்டியும் ஓர் எஞ்சினும் பிடிக்கும். அதற்குமேல் ஒரு மூட்டைகூடப் பிடிக்காது. காலி வண்டியை அங்கே ஒதுக்கிவிட்டுக் கல் வண்டியை மெயின் லைனில் இறக்குவது என்று அண்ணி கோடு போட்டு, அழித்து, மறுபடி அதே கோட்டைப் போட்டார். மேல் நிலையத்திலிருந்து கல் வண்டி புறப்பட்டது. டிரைவர், கொழுந்தன்.

பிறகு ஃபோன் அடித்தது.

“அண்ணி, மலையடி ஸ்டேஷன் மாஸ்டர் பேசுறேன். காலி வண்டி உள்ள வந்துடுச்சு. ஆனா முழுசா வரல.”

“முழுசா வரலன்னா? பாதி வண்டி வீட்லயே தங்கிடுச்சா?”

“வால் வெளிய நிக்குது. பின்னால ஒரு செத்த எஞ்சின் கட்டியிருக்காங்க. அது துறைமுகப் பக்கத்துப் பாயிண்ட் மேலயே உக்காந்திருக்கு.”

பாயிண்ட் என்பது லூப் லைனும் மெயின் லைனும் சேரும் இடம். அங்கே எது நின்றாலும் மெயின் லைனில் வருகிற வண்டி கடந்து போக முடியாது.

“முன்னால நகத்துங்க!”

“முன்னால மூக்கு மலைப்பக்கத்துப் பாயிண்டை முகர்ந்துக்கிட்டு நிக்குது. நகர்ந்தா அந்தப் பக்கமும் அடைச்சுக்கும்.”

“பின்னால தள்ளுங்க, துறைமுகத்துக்கே போகட்டும்.”

“தள்ளலாம். கார்டு முன்னால நடக்கணும், டிரைவர் பின்னால ஒண்ணும் தெரியாம ஆமை வேகத்துல தள்ளணும். பொழுது சாஞ்சுடும்.”

அதற்குள் அடுத்த குரல் வந்துவிட்டது. “கன்ட்ரோல், கல் வண்டி. மலையடி சிக்னல் சிவப்பு. நின்னுட்டேன்.”

அந்த சிக்னல் சரிவில் இருக்கிறது. கல் ஏற்றிய வண்டியைச் சரிவில் நிறுத்துவது கஷ்டமில்லை, நிறுத்தியே வைத்திருப்பதுதான் கஷ்டம். பெட்டிகளின் பிரேக்கைப் பிடித்திருப்பது காற்று. பழைய வண்டியில் அது மெல்ல மெல்லக் கசியும், கசியக் கசியப் பிடி தளரும். மறுபடி காற்றை நிரப்ப பிரேக்கை ஒரு தடவை விட்டாகவேண்டும். சரிவில் விட்டால் வண்டி போய்விடும். போனால் அது சேரும் இடத்தில் அந்தச் செத்த எஞ்சின் உட்கார்ந்திருந்தது.

“காத்து எப்படி இருக்கு டிரைவர்?”

“இறங்குது கன்ட்ரோல்.”

அண்ணி மேலதிகாரிக்கு ஃபோன் போட்டார். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். பின்னணியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“விதி என்னம்மா சொல்லுது?”

“பாதை அடைச்சிருந்தா வெளியவே நிறுத்தி வைக்கச் சொல்லுது சார்.”

“அப்புறம் என்ன? நிறுத்தி வைங்க.”

“வண்டி நிக்கும்போல இல்ல சார்.”

“அது… நிலைமையைப் பார்த்து செய்ங்க. நான் சொன்னதா இருக்க வேண்டாம்.”

செய்வதற்கு ஒன்று இருந்தது. மலையடியில் மெயின் லைன் சமதளம். கல் கனம் என்பதால் அந்த வண்டிக்குப் பெட்டி குறைவு, வண்டி குட்டை. பிரேக்கில் பிடி மிச்சமிருக்கும்போதே அதை மெயின் லைனில் உள்ளே வரவிட்டு, செத்த எஞ்சினுக்கு முன்னால் நிறுத்தினால், அதன் வால் மலைப்பக்கப் பாயிண்டைத் தாண்டி உள்ளே வந்துவிடும். பிறகு காலி வண்டி மலைப்பக்கம் கிளம்பி, வாலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் எதிர்முனை அடைத்திருக்கும் பாதையில் இறக்கத்திலிருந்து ஒரு வண்டியை உள்ளே விடக்கூடாது என்பது விதி. சிக்னலும் பச்சை காட்டாது. சிவப்பைத் தாண்டி வரவேண்டுமானால் ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு டிரைவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். அதை எழுதி அனுப்பச் சொல்லி அண்ணி மலையடிக்கு ஃபோன் போட்டார்.

“சீட்டு எழுதிட்டேன் அண்ணி, ஆள் கிளம்பிட்டாரு” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். “மேட்டுல ஏறணும். மனுஷனுக்கு மூட்டுவலி.”

அண்ணி பென்சிலை எடுத்தார், வைத்தார்.

“அண்ணி.”

கொழுந்தனின் குரல். அந்த வாயிலிருந்து மாதக்கணக்கில் கேட்காத சொல் அது. அதற்குப் பிறகு வந்த சேதிகூட அண்ணியை அந்தச் சொல் அளவுக்குப் பயமுறுத்தவில்லை.

“அண்ணி, வண்டி அசைஞ்சுது. கொஞ்சம்தான். நின்னுடுச்சு.”

“கைப்பிரேக்?”

“அசிஸ்டென்ட் ஒவ்வொண்ணா திருகிக்கிட்டு போறான். பாதி சுத்தவே மாட்டேங்குது, கல்தூசி அடைச்சிருக்கு.”

“தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. சிவப்பைத் தாண்டி மெயின் லைன்ல உள்ள வாங்க.”

“சீட்டு?”

“சீட்டு நடந்து வருது. நீங்க அதுக்கு முன்னால வாங்க.”

“நீங்களா சொல்றீங்க?”

“நானேதான்.”

“இதெல்லாம் ரெக்கார்ட் ஆகுது அண்ணி.”

“ஆகட்டும். இன்னொரு தடவை தெளிவா சொல்றேன். கல் வண்டி சிவப்பு சிக்னலைத் தாண்டி உள்ள வரணும். உத்தரவு குடுக்கிறது கன்ட்ரோல்.”

“எங்க நிக்கணும்?”

“செத்த எஞ்சின் கண்ணுக்குத் தெரியும். அதுக்கு முன்னால.”

“எவ்வளவு முன்னால?”

“மோதாத அளவுக்கு முன்னால! ஆனா பயந்துக்கிட்டு சீக்கிரமே நின்னுடாதீங்க. உங்க வால் பாயிண்ட் மேல நின்னுச்சுன்னா ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிட்டு சாக வேண்டியதுதான்.”

“நல்லா வாழ்த்துறீங்க” என்றார் கொழுந்தன். “விடறேன்.”

அண்ணி ஸ்டேஷன் மாஸ்டரை ஃபோனை வைக்காமல் ஜன்னல் ஓரம் நிற்கச் சொன்னார். காலி வண்டியின் கார்டையும் டிரைவரையும் இறங்கி விலகி நிற்கச் சொன்னார். அதன்பிறகு ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமலிருந்தது புதுமையாக இருக்கவே, அடுத்த அறை குமாஸ்தா எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“எஞ்சின் தெரியுது அண்ணி. வளைவு திரும்பிடுச்சு. பாயிண்ட் மேல வருது.”

“வேகம்?”

“நடையைவிட அதிகம். நான் ஓடினா பிடிச்சுடுவேன்.”

“நீங்க எப்ப கடைசியா ஓடினீங்க?”

“அதைக் கேக்காதீங்க… பாதி உள்ள வந்துடுச்சு. சக்கரத்துல பொறி பறக்குது. குறையுது. குறையுது அண்ணி. இன்னும் வருது.”

ஃபோன் வழியாகவே அண்ணிக்கு அது கேட்டது: இரும்பை இரும்பு தேய்க்கும் நீளமான கிறீச்சிடல், பிறகு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொள்ளும் தடதடப்பு. அது முன்னாலிருந்து பின்னால் ஓடி அடங்கியது.

“நின்னுடுச்சு.”

“முன்னால?”

“நடுவுல ஒரு சைக்கிளைக் குறுக்க நிறுத்தலாம்.”

“பின்னால? வால் எங்க இருக்கு?”

ஸ்டேஷன் மாஸ்டர் ஃபோனை வைத்துவிட்டுப் பார்க்கப் போனார். அண்ணி ரிசீவரைக் காதிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். காது சிவந்துவிட்டது.

“உள்ளதான் அண்ணி. கடைசில இருக்கிற கார்டு பெட்டி பாயிண்டைத் தாண்டி உள்ள நிக்குது.”

“காலி வண்டிக்கு சிக்னல் குடுங்க” என்றார் அண்ணி. குரல் மறுபடி மாடிப்படி இறங்கியது.

விசாரணை நடந்தது. மூன்று அதிகாரிகள், ஒரு நீளமான மேசை. கொழுந்தனிடம், சீட்டு இல்லாமல் சிவப்பைத் தாண்டுவது குற்றம் என்று தெரியாதா என்று கேட்டார்கள்.

“நல்லாத் தெரியும் சார். அதுக்குன்னு தனியா பாடமே எடுத்தீங்க.”

“பிறகு ஏன் தாண்டினீர்கள்?”

“கன்ட்ரோல் சொன்னாங்க. அவங்க ஒரு விஷயத்தை மூணு தடவை யோசிக்காம சொல்ல மாட்டாங்க.”

அந்த ஒரு தடவைதான் அவர் யோசிக்காமல் சொன்னார் என்பதை அண்ணி சபையில் திருத்தப் போகவில்லை. அவசரப்பட்டவர், விதியை மீறியவர், உறவினருக்கு வாய்மொழி உத்தரவு கொடுத்தவர் என்று அறிக்கையில் எழுதினார்கள். கொஞ்ச காலம் அவரைக் கட்டுப்பாட்டு மேசையிலிருந்து எடுத்துப் பழைய கோப்புகள் அடுக்கும் அறையில் போட்டார்கள். மேலதிகாரியின் பெயர் அறிக்கையில் எங்கும் வரவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

அறிக்கை என்ன சொன்னாலும், நடந்தது இதுதான். காலி வண்டியின் வால் பாதையை மறித்து நின்றபோது, சரிவில் பிரேக் தளர்ந்துகொண்டிருந்த கல் வண்டியைச் சிவப்பு சிக்னலைத் தாண்டி உள்ளே வரச்சொன்னார் அண்ணி. அது நிற்கும்வரை ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நின்றதும் அடுத்த வண்டியை அனுப்பினார்.