கேலனுக்குப் பன்னிரண்டு பவுண்டு

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்டுத் தீவன மில்லின் மேனேஜர். பம்பு ஓட்டுகிற ராஜு. மூட்டை தைக்கிற அக்காள் தங்கை இரண்டு பேர். மொலாசஸ் கொண்டுவந்த லாரியின் டிரைவர், பேர் தெரியாது. எங்கள் பட்டறையிலிருந்து மேஸ்திரி செங்கோடண்ணன். வெல்டர் முத்து. நான். எட்டுப் பேர். ஒரு தேங்காய், ஒரு சூடக் கட்டி.

முப்பது வருஷம் ஆகப்போகிறது. இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். பெட்ரோல் பங்க் போர்டுதான் காரணம்.

நான் இப்போது சூரமங்கலத்தில் ஒரு பங்கில் காற்றுப் பிடித்துவிடுகிறேன். காலையில் இன்னொரு வேலையும் உண்டு. கேஷியர் பொண்ணு செல்வி கண்ணாடி ஜாடியில் பெட்ரோலைப் பிடித்து, அதில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்து எண்ணைச் சொல்லும். நான் போர்டில் எழுதுவேன். டென்சிட்டி எழுநூற்று நாற்பத்தாறு புள்ளி இரண்டு, இப்படி ஏதாவது. ஆயிரம் லிட்டர் பெட்ரோல் அத்தனை கிலோ கனம் என்று அர்த்தம். நிறைய பேர் அதை விலை என்று நினைத்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். ஏழாவது வரைதான் படித்தேன். அந்தப் படிப்பில் மிச்சம் இருப்பது கையெழுத்து ஒன்றுதான்.

பெட்ரோல் வாசம் வந்த வேகத்தில் போய்விடும். மொலாசஸ் அப்படி இல்லை. கரும்பு ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்புப் பாகு அது. அடிப்பிடித்த வெல்லமும் புளித்த கள்ளும் சேர்ந்தாற்போல் வாசம். சட்டையில் பட்டால் மூன்று தடவை துவைத்தாலும் இருக்கும். என் வீட்டுக்காரி அந்தச் சட்டையைத் தனியாகத்தான் எடுத்துவைப்பாள். எறும்புக்குப் பயந்துகொண்டு.

எங்கள் பட்டறை நாமக்கல்லில், திருச்செங்கோடு ரோட்டில் இருந்தது. லாரிக்குத் தொட்டி கட்டுவோம். தண்ணீர்த் தொட்டி, எண்ணெய்த் தொட்டி, நாலு கால் ஸ்டாண்டின் மேல் நிற்கிற தொட்டி, எது கேட்டாலும் கட்டுவோம். இன்ஜினியர் யாரும் இல்லை. மேஸ்திரியின் தலைதான் எல்லாம். அவர் கணக்கு சுருக்கமானது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பழைய ஆட்கள் கேலனில் கேட்டால், ஒரு கேலன் தண்ணீர் பத்துப் பவுண்டு. அவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலத்துத் தொட்டிகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டது. தப்பு ஒன்றும் கிடையாது.

ஸ்டாண்டு கட்டும்போது அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வரப்போகிற எடையோடு கால் பங்கு சேர்த்துக்கொள்வார். அதற்கு அவர் வைத்த பேர் கண்ணுபாரம்.

"என்னுங்ண்ணா அது கண்ணுபாரம்?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"பத்து டன் தொட்டிய ஒசரத்துல வெச்சா ஊரே அண்ணாந்து பாக்கும் சாமி. அந்தக் கண்ணு ஒரு ரெண்டு டன்னு வராது?"

முத்து வெல்டிங் மாஸ்க்குக்கு உள்ளேயிருந்து சொன்னான்: "மேஸ்திரி பாத்தார்னா மூணு டன்னுங்க."

முத்து அப்படித்தான். வேலையில் வாய் ஓயாது. ஆனால் கை நடுங்காது. அவன் வைத்த தையலை விரலால் தடவினால் எங்கே தொடங்கினான் எங்கே முடித்தான் என்று தெரியாது. மற்ற பட்டறைக்காரர்கள் டீக்குடிக்க வருகிற சாக்கில் அவன் வேலையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் ஃபிட்டர். அளந்து வெட்டிக் கொடுப்பேன். அவன் பற்றவைப்பான். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே தூக்குப்போசியில் சாப்பிட்டோம். பெரும்பாலும் அவன் வீட்டுக் குழம்பு.

பரமத்தி ரோட்டில் ஒரு தீவன மில். மேனேஜர் வந்து, மொலாசஸுக்குப் பத்தாயிரம் லிட்டர் தொட்டியும் ஸ்டாண்டும் வேண்டும் என்றார். மொலாசஸ் தண்ணீரை விடக் கனம் என்று எங்களுக்குத் தெரியும். எவ்வளவு கனம் என்று தெரியாது. மேனேஜர் கையில் ஒரு புத்தகம் இருந்தது. அவர்கள் பழையதாக வாங்கிப் போட்ட அமெரிக்கா மெஷினோடு வந்தது. விரலை வைத்துப் படித்தார். "கேலனுக்குப் பன்னண்டு பவுண்டுன்னு போட்டிருக்கான். கிலோவுல எவ்வளவுங்க மேஸ்திரி?"

மேஸ்திரி காதைச் சொறிந்தார். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

கேலன் தண்ணீர் பத்துப் பவுண்டு. இது பன்னிரண்டு. தண்ணீர் பத்து என்றால் இது பன்னிரண்டு. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, அப்படியானால் இது ஒரு கிலோ இருநூறு. பத்தாயிரம் லிட்டருக்குப் பன்னிரண்டு டன். எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் இழுப்போம்.

மேனேஜர் ஆச்சரியப்பட்டார். "ஃபிட்டர்தானுங்களே நீங்க?" என்றார். என் வாழ்க்கையில் அந்த மாதிரி ஆள் என்னை 'நீங்க' போட்டது அதுதான் முதல் தடவை. கிறுக்குப் பிடித்துவிட்டது.

மேஸ்திரி, "பன்னண்டு. கண்ணுபாரம் மூணு. பாஞ்சு டன்னுக்குக் காலு போட்டரலாம்" என்றார்.

"எதுக்குங்ண்ணா? குத்துமதிப்புக்குத்தான் கண்ணுபாரம் வேணும். இது புஸ்தகக் கணக்கு. பன்னண்டுன்னா பன்னண்டுதான்" என்றேன்.

பட்டறை முதலாளிக்கு அது பிடித்துவிட்டது. இரும்பு மிச்சம்.  மேஸ்திரி தரையில் இருந்த எண்ணைப் பார்த்தார். படிக்காதவருக்குப் படித்தவன் எழுத்தின் மேல் இருக்கிற பயம் அது. எனக்கும் அவருக்கும் இடையில் ஏழு வகுப்புதான். அது போதுமாக இருந்தது. பன்னிரண்டு டன்னுக்கே கால் வெட்டினேன். வெறும் தண்ணீர்த் தொட்டி கேட்டிருந்தால்கூட மேஸ்திரி பன்னிரண்டரைக்குக் கட்டியிருப்பார்.

ஒரு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. மில்லில் பாதித் தொட்டிக்கு மேல் நிரப்பவில்லை. அப்புறம் ஆலையில் மொலாசஸ் மலிவாகக் கிடைத்தது. இரண்டு லோடு வாங்கினார்கள். முதல் தடவையாகத் தொட்டி விளிம்பு வரை நிறையப்போகிறது, தேங்காய் உடைக்க வாருங்கள் என்று மேனேஜர் ஆள் அனுப்பினார். மூன்று பேரும் போனோம். புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

ராஜு பம்பை நிறுத்தினான். மேஸ்திரி சூடத்தைக் கொளுத்தினார். தேங்காயை ஓங்கினார். அப்போது மேற்குப் பக்கத்துக் கால் நடுவில் மடிந்தது. சத்தம் பெரிதாக இல்லை. மாடு மண்டி போடுகிற மாதிரி மெதுவாகத்தான் சாய்ந்தது. ஓடுவதற்கு நேரம் கொடுத்தது. எல்லோரும் ஓடிவிட்டார்கள். மேனேஜர் மட்டும் முழங்கால் வரை பாகில் மாட்டிக்கொண்டு, செருப்பை விட மனசில்லாமல் நின்றார். மூட்டை தைக்கிற அக்காள் அந்த நேரத்திலும், "சார், செருப்பு போனாப் போவுது, காலக் கொண்டாங்க" என்றது. டிரைவர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். யாருக்கும் அடி இல்லை என்ற சிரிப்பு. அரைமணி நேரம் இருந்தது அது.

அப்புறம் முதலாளி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். முதல் கேள்வி என்னிடம்.

"கணக்கு சரிதானா?"

"சரிங்க."

"அப்ப வெல்டு வுட்டிருக்குது."

முத்து பாகில் இறங்கி மடிந்த காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வந்து பாருங்க மொதலாளி. காலு நடுவுலதான் மடிஞ்சிருக்குது. என்ர பத்தவெப்பு ஒன்னும் வுடலீங்க. ஒன்னே ஒன்னு வுட்டிருந்தாலும் என்ர கைய வெட்டுங்க." பிறகு என்னைப் பார்த்தான். "மாப்ள, நீ சொல்லு."

நான் ஸ்டாண்டை ஒரு சுற்று சுற்றி வந்தேன். பாகு முழங்காலுக்கு இருந்தது. திரும்பி வந்து சொன்னேன்: "தெரியலீங்க. வுட்டிருக்கலாம்."

மேஸ்திரி கையில் உடைக்காத தேங்காய் அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணுபாரம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

முத்துவை அன்றைக்கே நிறுத்தினார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நாமக்கல்லில் பட்டறைக்காரர்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. எது உடைந்தாலும், "முத்து ஒட்டா?" என்பார்கள். லாரிக் கதவுப் பிடி கழன்றால் முத்து ஒட்டு. கல்யாணம் நின்றுபோனால் அதுவும் முத்து ஒட்டு. நானும் சிரித்திருக்கிறேன். ஆறு பட்டறை ஏறி இறங்கிவிட்டு, அவன் போர் போடுகிற ரிக் லாரியில் கூலியாக ஏறி வடக்கே போனான். பைப் தூக்குகிற வேலை. அந்தக் கைக்குப் பைப் தூக்குகிற வேலை.

எனக்கு அடுத்த வருஷம் சம்பளம் ஏறியது.

போன மாதம் ஒரு நாள் காலை. செல்வி எண்ணைச் சொல்லி நான் எழுதி முடித்தேன். வண்டி எதுவும் வரவில்லை. சும்மா கேட்டேன். "ஏம்மா, உன்ர போன்ல கேலனுக்குப் பன்னண்டு பவுண்டுன்னு போட்டா, லிட்டருக்கு இத்தன கிலோன்னு காட்டுமா?"

"காட்டுமுங்கய்யா." தட்டியது. நிமிர்ந்து பார்த்தது. "எந்த கேலனுங்க?"

"கேலன்தாம்மா."

"இதுல ரெண்டு இருக்குதுங்க. இங்கிலாந்து கேலன் நாலரை லிட்டரு. அமெரிக்கா கேலன் சின்னது, மூணே முக்கால் லிட்டருதான். எதப் போடட்டும்?"

நான் காற்றுக் குழாயைச் சுருட்டி மாட்டினேன். மாட்டிவிட்டு, "அமெரிக்கா" என்றேன்.

"ஒரு கிலோ நானூத்தி நாப்பது கிராம் வருதுங்கய்யா."

சின்னக் கேலனில் தண்ணீரே எட்டே கால் பவுண்டு சொச்சம்தானாம். பன்னிரண்டை நான் பத்தோடு ஒப்பிட்டது தப்பு. பத்தாயிரம் லிட்டருக்குப் பதினாலு டன் நானூறு கிலோ. மேஸ்திரி கேட்ட பதினைந்துக்குக் கால் போட்டிருந்தால் நின்றிருக்கும். அமெரிக்காவில் ஒரு கேலன் எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பரமத்தி வேலூர் போனேன். முத்து இப்போது மகள் வீட்டில் இருக்கிறான். வெற்றிலைத் தோட்டத்தில் வெற்றிலை அடுக்கிக் கட்டுகிற வேலை. ரிக் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. நல்ல காதுப் பக்கமாக உட்கார்ந்தேன். இரண்டு கேலனையும் சொன்னேன். அடுக்குவதை நிறுத்தாமல் கேட்டான்.

"அப்ப கணக்குத்தான் தப்பு" என்றேன்.

"செரி."

"எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது மாப்ள."

"கணக்கு இப்பத் தெரிஞ்சுது. கண்ணு அன்னைக்கே இருந்துச்சில்ல?"

ஒரு கட்டு வெற்றிலையை வாழை நாரால் கட்டி வைத்தான். அடுத்ததை எடுத்தான்.

"சுத்தி வந்தியே. தடவித் தடவி எண்ணிக்கிட்டே வந்த. நான் பாத்துட்டுத்தான் நின்னேன். எத்தன எண்ணுன?"

 மகள் காப்பி கொண்டுவந்தது. "யாருப்பா இவிய?" என்றது. "பட்டறையில ஃபிட்டரு. கணக்கெல்லாம் நல்லாப் போடுவாரு" என்றான். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். வாரேன் என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டவில்லை.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடையும் பிரியாணிக் கடையும். மில்லை இடித்து மனைக்கல் நட்டுவிட்டார்கள். மேஸ்திரி போய்ப் பத்து வருஷம். கண்ணுபாரம் என்றால் என்ன என்று கேட்கக்கூட ஆள் இல்லை. கேலன் என்ற பேச்சே கிடையாது. ஒன்று மட்டும் போகவில்லை. போன தீபாவளிக்கு முன்பு பங்கில் ஒரு லாரியின் பின்கதவு கொக்கி கழன்று விழுந்தது. இருபது வயசுப் பையன் ஒருவன் டிரைவரைப் பார்த்து, "என்னண்ணா, முத்து ஒட்டா?" என்று கேட்டுச் சிரித்தான். முத்து யார் என்று அவனுக்குத் தெரியாது.

அந்த ஸ்டாண்டில் முத்து பற்றவைத்த இடங்களை, பாகுக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாகத் தடவித்தான் எண்ணினேன். ஒன்றும் விடவில்லை. நாற்பத்தெட்டு.