விருந்தாளிக்கு நீட்டாத குஷன்

தைத்து முடித்த குஷனில் றுக்கியா மூன்று தடவை உட்கார்ந்து எழும்புவாள். முதலில் நேராக, பிறகு சாய்ந்து, கடைசியாக ஒரு காலை மடித்து. "ஆம்பிளையள் கதிரையில ஒழுங்கா இருக்க மாட்டாங்க. அதுக்கும் சேர்த்துத்தான் தைக்கணும்." உட்துறைமுக வீதியில் ஓட்டோக்களுக்கும் படகுகளுக்கும் இருபது வருடமாக இருக்கை தைக்கிறாள்.

இந்தத் தடவை பஞ்சுக்கு நடுவே தாளைப் போன்ற மெல்லிய உணரி ஒன்று கிடந்தது. மேலே இருப்பவரின் மூச்சையும் இதயத் துடிப்பையும் பிடித்துக் கைபேசிக்கு அனுப்பும். கொண்டுவந்தவள் ஆய்வாளர் இன்ஷிரா. குஷன், றுக்கியாவின் தம்பி தாஹிருக்கு. துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டும்போது அவனுக்கு இரண்டு தடவை கண் இருண்டுவிட்டது. மறுபடி சுக்கான் பிடிக்கலாமா என்பதை ஒரு வாரப் பதிவைப் பார்த்துத்தான் டொக்டர் சொல்வார். துடிப்பை அளக்கும் பட்டியைக் கையில் கட்ட அவன் மறுத்துவிட்டான். "விலங்கு போட்ட மாதிரிக் கிடக்கு ராத்தா. குஷன் எண்டா ஓம்."

மூன்றாம் நாள் இன்ஷிரா கடைக்குள் ஓடிவந்தாள். "ராத்தா, ஒரே நாளையில தம்பிட துடிப்பு பதினொரு விதமா மாறுது!"

ஊசியை முந்தானையில் குத்தியபடியே றுக்கியா வீட்டுக்குப் பாய்ந்தாள். இன்ஷிரா பின்னால் ஓடினாள். அங்கே, நோய் விசாரிக்க வந்த லாபிர் காக்கா புதுக் குஷனில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தாஹிர் பக்கத்திலிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தான்.

"வந்தவங்களுக்கு நல்லதக் குடுக்காம நான் இருக்க ஏலுமா?" என்றான் தாஹிர்.

"உன்ட நெஞ்சப் பார்க்கச் சொன்னா, ஊராக்கள்ட நெஞ்செல்லாம் பார்த்து வச்சிருக்காய்!" றுக்கியாவுக்குச் சிரிப்புப் பீறிட்டது.

"அப்ப என்டது என்ன சொல்லுது புள்ள?" என்று லாபிர் காக்கா இன்ஷிராவின் கைபேசியை எட்டிப் பார்த்தார்.

அன்றே றுக்கியா குஷனின் நீல றெக்சின் உறையை உரித்தாள். ஏதோ ஓட்டோவிலிருந்து கழற்றி எறிந்த, எண்ணெய்க் கறை பிடித்த உறையை எடுத்து, தையலை வேண்டுமென்றே கோணலாக ஓட்டினாள். அவள் வாழ்நாளில் தைத்த முதல் கோணல் தையல். அடுத்த விருந்தாளி வந்ததும் தாஹிர் பழக்கத்தில் பாதி எழும்பினான், குஷனைப் பார்த்தான், வெட்கப்பட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். புதிதாக எண்ணத் தொடங்கிய ஏழு நாளும் கைபேசியில் ஒரே ஆளின் மூச்சு.

மாத்திரையோடு ஓட்டலாம் என்றார் டொக்டர். சேதி வந்த கையோடு றுக்கியா கறை உறையைப் பிரித்து வீசிவிட்டு, நீல றெக்சினை லாஞ்சுக்கு ஏற்றபடி இறுக்கித் தைத்தாள். நேராக உட்கார்ந்தாள். சாய்ந்தாள். மூன்றாம் தடவை ஒரு காலை மடித்தபோது, அவளுடைய இரண்டு கைகளும் இல்லாத சுக்கானைப் பிடித்துத் திருப்பின.