பால்கோவா மெஷினுக்கு ஒரு மூடி

பிளாஸ்டிக்கைச் சூடு காட்டியும் கரண்டு விட்டும் கொடுமைப்படுத்தி, அது எப்போது உயிரை விடுகிறது என்று எழுதி வைப்பதுதான் என் பிழைப்பு. "தேறாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஊர் வசவை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்கிற வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால் நீங்கள் நம்ம ஆள்.

வாயைக் கொடுத்தது

ராஜபாளையத்தில் பிளாஸ்டிக் பக்கெட்டு வார்க்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற அண்ணாச்சி ஒருவர் கிண்டுகிற மெஷின் வாங்கினார். மோட்டார் ஒயர்களை மூடியிருக்கும் மூடி, அடுப்புச் சூட்டில் அப்பளமாய் நெளிந்துவிட்டது. சூடும் தாங்க வேண்டும், கரண்டும் கசியக் கூடாது, அப்படி ஒரு மூடி வேண்டும் என்று வந்து நின்றார்.

இரண்டு வகை பாலியெஸ்டர் பிளாஸ்டிக்கைக் கலந்து வார்த்தால் ஆகும் என்று சொன்னது நான்தான். ஒன்று விறைப்பாக நிற்கும், மற்றது அச்சில் சட்டென்று இறுகும். என் வாய் சும்மா இருக்காதே! முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு தடவை பாப்பேன். தேறலைன்னா ஒன் டெஸ்ட் ரூமைக் காலி பண்ணிட்டு அங்கன பக்கெட்டு அடுக்கிருவேன்."

மொட்டை மாடி

பாலியெஸ்டர் குருணை காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் குடித்து வைத்திருக்கும். ஈரத்தோடு உருக்கினால் பொருள் நொறுங்கிவிடும். அதனால் முதலில் சூட்டுப் பெட்டியில் மணிக்கணக்காகக் காய வைக்க வேண்டும். பெட்டியின் ஹீட்டர் அன்றைக்கென்று புகைந்துபோனது. வார்ப்பு மெஷின் ஓட்டுகிற செல்வி அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குருணையை மொட்டை மாடியில் பரப்பி, காக்கா கொத்தாமல் இருக்க, பக்கத்தில் பேண்டேஜ் நெய்கிற யூனிட்டில் வாங்கின துணியைப் போர்த்திவிட்டாள்!

மூடிகள் பளபளவென்று வந்தன. ஒன்றை எடுத்து லேசாக அமுக்கினேன். படக். இன்னொன்று. படக். முதல் தடவை போச்சு. எனக்கு அழுகை முட்டியது. ஆனால் உடைந்த துண்டுக்குள் ஒரு பேண்டேஜ் நூல் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அடிபடுறதுக்கு முந்தியே கட்டுப் போட்டுட்டியேக்கா" என்றேன். அக்காவுக்கு ரோஷம். "ஏட்டி, மோர்மொளகாய்க்குப் பத்துற வெயிலு இதுக்கு மட்டும் பத்தாதாக்கும்?"

எண்ணெய்ச் சட்டி

ஹீட்டரை மாற்றி, முறையாகக் காய வைத்து, இரண்டாவது தடவை வார்த்தோம். அதே கலவையில் வார்த்த ஒரு பட்டையை எண்ணெய்த் தொட்டியில் வைத்து, மேலே எடை ஏற்றி, எண்ணெயை மெல்ல மெல்லச் சூடாக்குவோம். எந்தச் சூட்டில் பட்டை வளைகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. வேடிக்கை பார்க்க அண்ணாச்சியே வந்திருந்தார். ஒன்றரை மணி நேரம் கண் இமைக்காமல் தொட்டியையே பார்த்தார்.

அவருடைய அடுப்படிச் சூட்டை எல்லாம் தாண்டியும் பட்டை அசையவில்லை. நான் குதிக்காத குறை. சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினால், மனுஷன் முகம் தொங்கிப்போயிருந்தது. "இம்புட்டு எண்ணெயக் காய வச்சுட்டு ஒரு வடைகூடப் போடாம அமத்துறியே தாயி, ஒனக்கு எப்படி மனசு வருது?"

சுருக்

மூடியைப் பொருத்தி இரண்டு நாள்கூட ஆகவில்லை, அண்ணாச்சியிடமிருந்து போன். மூடியைத் தொட்ட பால்கோவா மாஸ்டருக்குக் கையில் சுருக்கென்றதாம். கம்பெனியில் சோதித்தபோது துளிக் கரண்டு கசியவில்லையே! பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். மூடியின் மேல் பாலும் சர்க்கரையும் தெறித்து, ஆவியில் ஊறி, பிசுபிசுவென்று ஆடை கட்டியிருந்தது. கரண்டு பிளாஸ்டிக்குக்குள் நுழையவே இல்லை. உள்ளே இருந்த ஒயர் முனையில் ஏறி, அந்த ஆடை மேலேயே நடந்து வெளியே வந்திருக்கிறது.

நான் சோதித்தது சுத்தமான மூடியை. பால்கோவா ஊருக்குப் போகிற மூடியில் பாலைத் தடவிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, மடச்சி. கம்பெனிக்குத் திரும்பி அரை லிட்டர் பால் வாங்கி, சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சி, மூடிகளுக்குப் பூசிச் சோதித்தேன்; இங்கேயும் கசிந்தது. ஒயர் முனையைச் சுற்றி உயரமாய் ஒரு வரப்பு வருகிற மாதிரி அச்சை மாற்றினோம், கரண்டு ஏறி வர முடியாதபடி. மோட்டாருக்கு எர்த்தும் போடச் சொன்னேன். முதலாளி எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினார். "டெஸ்ட் ரூமா, டீக்கடையா இது?"

மூணாவது

கடைசி வாய்ப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் அடுப்படியில் அண்ணாச்சி, மாஸ்டர், எங்கள் முதலாளி, செல்வி அக்கா, நான், ஐந்து பேரும் மூடியைச் சுற்றி நின்றோம். மெஷின் சுற்றியது. பால் கொதித்தது, தெறித்தது, மூடி மேல் வழிந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நானே உள்ளங்கையை வைத்தேன். சுடத்தான் செய்தது, சுருக்கென்று எதுவும் இல்லை! செல்வி அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினாள். முதலாளி, "பக்கெட்ட வேற எடத்துல அடுக்கிக்கிருவோம்" என்று முனகினார். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர்.

அப்போதுதான் ஒரு தீய்ந்த வாடை. ஐந்து பேரும் மூடியையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஒருத்தருக்கும் தீயைக் குறைக்கத் தோன்றவில்லை. அண்ணாச்சி சட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மூடி பாஸு தாயி. பால்கோவாதான் பெயிலு."

"வெப்பம் தாங்கும், மின்சாரம் கசியாது" என்று அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடிப்பிடித்த பால்கோவாவை மட்டும் செல்வி அக்காவும் நானும் பஸ்ஸிலேயே தின்று தீர்த்துவிட்டதால் அதற்கு ரிப்போர்ட் கிடையாது.