எடுத்து வைத்த இருபத்தைந்து

மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்காதான். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வாசலை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுப்பதும், பிறகு மைக்கில் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுவதும் அவள் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் ஒரு நாள் அந்தக் கூண்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். யார் முன்னால் வந்தது என்று நாள் முழுக்கப் பஞ்சாயத்து. தப்பித்தவறி ஒரே எண் இரண்டு பேர் கைக்குப் போய்விட்டால், அன்றைக்குக் கண்ணாடி பிழைத்தால் பெரிது.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வந்ததும் இருபத்தைந்தாம் டோக்கனைக் கிழித்து ஸ்டேப்ளருக்கு அடியில் செருகிவிடுவாள். மூச்சு வாங்கிக்கொண்டு யாராவது வந்து நின்றால் அதை நீட்டுவாள். அந்த எண்ணுக்கு மட்டும் வரிசை கிடையாது, எப்போது தோன்றுகிறதோ அப்போது கூப்பிடுவாள். கூட்டம் முணுமுணுக்கும். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா லிப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாபகம் தப்பத் தொடங்கிய புதிதில், வீட்டுக்கு வந்தவர்களிடம் "மேலயா, கீழயா?" என்று கேட்டு நிற்பார். அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு கதவைத் திறந்துகொண்டு கிளம்ப ஆரம்பித்தார். ஒரு தடவை பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தார். மறுதடவை முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு மாடிப்படியில்.

வெளியே பூட்டிவிட்டுப் போ என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒரு நாள் பூட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது, லிப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கதவைத் தட்டிய கை வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அதோடு அவள் பூட்டைக் கையால் தொடவில்லை.

தம்பி வேறு ஊரில் இருந்தான். விஷயம் தெரிந்து ஓடி வந்தவன், "இன்னொரு தடவை வெளிய போனாருன்னா முதியோர் விடுதிதான், அக்கா. எல்லாம் விசாரிச்சு வச்சிட்டேன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டான். கெட்டவன் இல்லை, பயந்தவன். பயந்தவர்கள் பேச்சு எப்போதும் இப்படிக் கறாராகத்தான் இருக்கும். அப்பாவை முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுவிட்டு அவர் இல்லாத வீட்டுக்குள் அவளால் எப்படி நுழைய முடியும்?

ஒரு கேமரா வாங்கி வாசல் கதவைப் பார்த்து மாட்டினாள். கூண்டில் இருந்தபடியே போனில் கதவு தெரியும். அப்பா செருப்பைத் தேடினால் உடனே மேல்வீட்டு அக்காவுக்குப் போன் போடுவாள். அந்த அக்கா இறங்கி வந்து, "என்னப்பா, லிப்ட் ரிப்பேரு, அப்புறம் போலாம்" என்று உட்கார வைத்துவிடுவாள்.

எல்லாம் மின்சாரம் இருக்கும்வரைதான். போய் வந்தால் படம் தெரியாது. வீட்டிலிருக்கும் இணையப் பெட்டி, தன்னோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கிறது என்றும், மின்சாரம் போய் வந்தால் எண் மாறிவிடலாம் என்றும் கேமரா விற்ற கடைக்காரர் விளக்கினார். வெளியிலிருந்து போனில் பார்க்க வரும் அவளைப் பெட்டி பழைய எண்ணுக்கே அனுப்பிவைக்கும். அங்கே கேமரா இருக்காது. "கேமராவுக்கு மாறாத நம்பர் ஒண்ணு போட்டுடுங்கம்மா, தொல்லை விட்டது" என்றார்.

இதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அட, நம்ம வேலை! அன்று மாலையே கேமராவின் அமைப்பைத் திறந்து, முகவரியின் கடைசி எண்ணாக இருபத்தைந்தைப் போட்டாள். வெளியிலிருந்து வரும் பார்வையையும் இருபத்தைந்துக்கே திருப்பிவிட்டாள். அதற்குப் பிறகு மின்சாரம் எத்தனையோ முறை போய் வந்தது. படம் அசையவில்லை. அவளும் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

தம்பி விடுமுறையில் வந்தான். "இன்னைக்கு நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா போ" என்றான். அவன் இருக்கிறானே என்று மேல்வீட்டு அக்காவும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மதியம் கூட்டத்துக்கு நடுவில் போனைப் பார்த்தாள். படம் இல்லை, வெறும் கறுப்பு. தம்பியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பக் கூப்பிட்டாள், அதே கதைதான். எழுந்து ஓடலாம் என்றால் மாற்று ஆள் இல்லை, வரிசையோ வாசலைத் தாண்டி நின்றது. அடுத்த டோக்கனைக் கிழித்தபோது கண்ணாடிக்கு வெளியே ஒரு பழக்கமான சட்டை தெரிந்தது.

அப்பா. காலில் செருப்பு இல்லை. வரிசையில் ஒழுங்காக நின்று, தன் முறை வந்ததும் குனிந்து கேட்டார்.

"அம்மா, என் பொண்ணு இங்கதான் வேலை பாக்குறா. அவளைப் பாக்கணும்."

அவர் அவள் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார். பின்னால் இருந்தவர் "சீக்கிரம்மா" என்றார். ஸ்டேப்ளருக்கு அடியிலிருந்த டோக்கனை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"உக்காருங்க. நம்பர் வந்ததும் கூப்பிடறேன்."

"சரிம்மா" என்று மரியாதையாக வாங்கிக்கொண்டு, எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வேலை முடியும்வரை அங்கேயே இருந்தார். ஒவ்வொரு எண் கூப்பிடும்போதும் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவளால் அவரைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்தபோது தம்பி போனைக்கூட எடுக்காமல் தெருமுழுக்கத் தேடிவிட்டு வெளிறிப்போய் நின்றான். அப்பா வாசலிலேயே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கையில் டோக்கன்.

"தூங்கிட்டேன், அக்கா. உன் கேமராதான் இருக்கே, நீ பாத்துக்குவேன்னு கொஞ்சம் கண்ணசந்தேன். அது ஏன் காட்டல?"

அவள் போனில் இணையப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். இருபத்தைந்துக்கு நேராகத் தம்பியின் போன் இருந்தது. மதியம் மின்சாரம் போய் வந்திருக்கிறது. கேமரா சோம்பல் முறித்து எழுவதற்குள் தம்பியின் போன் முந்திக்கொண்டு எண் கேட்க, பெட்டி இருபத்தைந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. அவள் கதவைப் பார்க்க வந்தபோதெல்லாம், தூங்குகிறவன் மார்பில் சத்தம் அணைத்துக் கிடந்த போனுக்குத்தான் பெட்டி அவளை அனுப்பியிருக்கிறது.

தலையில் அடித்துக்கொண்டாள். கூண்டில் டோக்கன் கிழிப்பவள் அவளே, அதனால் அவள் எடுத்து வைத்தது வேறு யாருக்கும் போகாது. இங்கே கிழிப்பது பெட்டி. கேமரா கையில் எண்ணைத் திணித்தவள், அதை வேறு யாருக்கும் தராதே என்று கிழித்துக் கொடுக்கும் பெட்டியிடம் சொல்லி வைக்கவில்லை. கேமராவின் அடியில் ஒட்டியிருந்த நீளமான அடையாள எண்ணைப் பார்த்துப் பெட்டியில் தட்டினாள்: இருபத்தைந்து இதற்கு மட்டும், வேறு யாருக்கும் இல்லை. பெட்டியையும் கேமராவையும் அணைத்துப் போட்டாள். படம் வந்தது. திரையில் கதவு, நாற்காலி, அப்பா.

"சரியாயிடுச்சு. இனிமே போகாது" என்றாள்.

"கேமராவா பிரச்சனை?" என்றான் தம்பி. "நான் வீட்டுக்குள்ளயே இருந்தேன், அக்கா. என்னைத் தாண்டித்தான் போயிருக்காரு. என்னால ஒரு மத்தியானம் பாத்துக்க முடியல. நீ எத்தனை நாளைக்கு? நாளைக்கே விடுதிக்குப் பேசறேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை.

"அப்பா, உள்ள வாங்க, சாப்பிடலாம்" என்று தம்பி கூப்பிட்டான். அவர் நகரவில்லை. "என் நம்பர் இன்னும் வரல, தம்பி" என்றார். மகன் என்று நினைத்துச் சொல்லவில்லை, யாரோ ஒரு தம்பி.

தம்பி டோக்கனை எட்டிப் பார்த்தான். "இருபத்தஞ்சு. இருபத்தஞ்சு வாங்க!"

அப்பா தலையாட்டினார். "நீ கூப்பிட்டா எப்படிப்பா? அந்த அம்மா கூப்பிடணும்."

தம்பி திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் உள்ளே இருந்தபடியே, மைக்கில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள்.

"நம்பர் இருபத்தைந்து."

நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக அவளிடம் வந்து டோக்கனை நீட்டினார்.

"என் பொண்ணு உள்ள இருக்காளா?"

"இருக்கா. வாங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். யாரிடம் என்றில்லாமல் கேட்டான்.

"அந்த விடுதியில யாரு கூப்பிடுவாங்க?"