வெறும் பாத்தியில் முளைத்தவை

அந்த வயல்காரர் பகலில் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவர். சாயங்காலம்தான் விவசாயி. போர்வெல் தண்ணீர் உப்பாகிப் போனதில் அவர் நிலத்தில் தக்கைப்பூண்டு சரியாக முளைப்பதில்லை. நெல்லுக்கு முன்னால் அதை வளர்த்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதால்தான் மண் தேறும். விதையை அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்தால் வருமா என்று கேட்டதும் அவர்தான்.

ஆராய்ச்சிக்கு வந்த எனக்கு அதைக் கேட்டதும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கயிறு கட்டி மூன்று பாத்தி பிரித்தேன். ஊறிய விதைக்கு ஒன்று, ஊறாததற்கு ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க, எதுவுமே விதைக்காமல் மோட்டார் கொட்டகை ஓரமாக ஒன்று. அந்த இடத்தைக் காட்டியபோது அவர் கொஞ்சம் தயங்கி, "சரிம்மா" என்றார். நான் அதற்குள் அடுத்த குச்சியை அடித்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் வெறும் பாத்தியில் தக்கைப்பூண்டு முளைத்திருந்தது. ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு மட்டும். பிடுங்கினேன். அடுத்த வாரம் மறுபடியும், அதே இடம், அதே நீளம்.

"எலி இழுத்தாந்து போட்டிருக்கும்," என்றார் வயல்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று சிரித்தார். "இன்னாம்மா, இவ்ளோ படிச்சுட்டு களையெடுக்க வந்துட்ட?"

நானும் சிரித்தேன். ஆனால் கதிர்காமத்தில் என் அறைக்குத் திரும்பிய பிறகும் அந்த நீளம் கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்த முறை சொல்லாமல் விடியற்காலையில் போனேன். எங்கள் வயல்காரரின் மனைவி வெறும் பாத்தியில் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் விதையை மண்ணில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா?"

எழுந்திருக்கவில்லை. "எந்தம்பி மோட்டார் போட வந்தான். கரண்டு அடிச்சிடுச்சு. வண்டி வர்ற வரைக்கும் இங்கதான் கெடத்தியிருந்தோம். அதிலேர்ந்து எள்ளு, உளுந்துன்னு எதனா போட்டு மூடியே வெச்சிருந்தேன். நீ வழிச்சு வுட்டுட்ட. எப்ப வந்தாலும் படுத்துனு இருக்கறான்."

"வேற எடத்துக்கு மாத்திடறேன்க்கா."

"மாத்துனா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இந்த வருஷம் ஒப்பிட முடியாது. நெல்லு நட நேரம் வந்துடும்."

"இந்த வருஷமும் மண்ணு தேறலன்னா மனை போட வித்துடலாம்ங்கறாரு." கட்டைவிரல் மண்ணைத் தட்டிவிட்டார். "இன்னும் எத்தினி நாளு?"

"முப்பது."

ஏற்கெனவே முளைத்திருந்தவற்றைப் பிடுங்கக் குனிந்தேன். "நீ தொடாத," என்றார். ஒவ்வொன்றாக அவரே பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு, அமுக்கிய விதைகளையும் தோண்டி எடுத்தார்.

ஊறிய விதை இடுப்புயரம் வந்தது. மடக்கி உழுத மண்ணுக்கும் வெறும் மண்ணுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. விற்கும் பேச்சு நின்றது.

அந்த முப்பது நாளும் அக்கா பாத்தி வழியாக மோட்டாருக்கு வரவில்லை. ரோட்டைச் சுற்றி, வாய்க்காலில் இறங்கி, கொட்டகையின் பின்பக்கமாக வந்தார். வாரா வாரம் நான் எடுத்த படங்கள் சிலவற்றின் ஓரத்தில், முட்டிவரை சேற்றோடு, வேறு பக்கம் பார்த்தபடி அவர் போய்க்கொண்டிருக்கிறார். அறிக்கைக்கு அந்த ஓரங்களை வெட்டித்தான் அனுப்பினேன்.