பால் நிறத்தில் வந்த எஞ்சின் எண்ணெய்: பாகூர் ஏரிக்கரையில் ஒரு நாள்

பாகூர் ஏரிக்கு அரைக்கால் சட்டை அணிந்து செல்வது என்று மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் காலை 6.20 மணிக்கு முடிவு செய்தேன். முதல் நாள் இரவுவரை நிலைமை முழுக்கால் சட்டைக்கே சாதகமாக இருந்தது. கொசு, முள், என் வயது ஆகிய மூன்றும் முறையாகப் பரிசீலிக்கப்பட்டன. இறுதியில், ஏடிவி ஓட்டுகிறவர்கள் படங்களில் அரைக்கால் சட்டையோடுதான் இருக்கிறார்கள் என்ற வாதம் வென்றது.

ஏடிவி, அதாவது மண்ணிலும் சேற்றிலும் ஓடும் நான்கு சக்கர பைக், என்னுடையதல்ல. என் பெரியப்பா மகன் ஏழுமலை அண்ணனுடையது. வில்லியனூரை அடுத்து அவருக்கு மூன்று ஏக்கர் நெல்லும் ஒரு ஏக்கர் கரும்பும் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் யாருடைய பைக்கிலோ பின்னால் உட்கார்ந்து போகையில் கடலூர் சாலையில் விபத்து. வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். சாலையில் நடப்பார், வரப்பு ஆகாது. பைக்கில் ஏறுவதை அன்றோடு விட்டுவிட்டார். வயலோ தார்ச்சாலையிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர் உள்ளே. ஆகவே கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து ஓய்ந்த ஒரு ஏடிவியைப் பழைய வண்டி விலைக்கு வாங்கினார். ஊரில் அதற்கு ‘ஏழுமலை காலு’ என்று பெயர். ‘காலு ரிப்பேராம், ஆளு வூட்ல கீறாரு’ என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள்.

ஏரி நிரம்பியிருக்கிறது, கரையைச் சுற்றி ஓட்டி ஒரு கட்டுரை எழுதுகிறேன் என்று கேட்டேன். கொடுத்தார். ஒரே நிபந்தனை: “சாயந்தரம் ஆறு மணிக்குள்ள வந்துடணும்டா. நாளைக்கு நடவு.” நடவு ஆட்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். அவர்கள் நாள் கொடுப்பதே பெரிது. நிலத்துக்காரர் வரப்பில் நிற்காவிட்டால் நாற்றுக்கும் நாற்றுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒரு சாண் தூரம் தானாகக் கூடிவிடும். இதையெல்லாம் அவர் விளக்கவில்லை, எனக்கே தெரியும்.

இந்த வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டக் கூடாது என்பதை இதே பயணம் போக நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். வில்லியனூரில் ‘குட்டியானை’ என்கிற சிறு சரக்கு வண்டி ஒன்றைப் பேசி (ஒரு வழிக்கு 900 ரூபாய்), 7.40க்கு ஏற்றி, கரிக்கலாம்பாக்கம் வழியாக 8.35க்குப் பாகூரில் இறக்கினோம். ஏரிக்கரையில் முதல் ஒன்றரை மணி நேரம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நாற்றங்கால், இடையே நீர்க்காகங்கள். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் எல்லாமே கண்ணில் படுகிறது.

10.10க்குக் கலங்கலை அடைந்தேன். ஏரி நிரம்பி உபரிநீர் வழிந்து ஓடும் இடம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், நடுவில் பள்ளம் இருக்கிறது, ஓரமாகவே போ என்றார். ஓரமாகவே போய் அக்கரை சேர்ந்தேன். தண்ணீர் பாதிச் சக்கரம் அளவுக்குக்கூட இல்லை. பயணம் இங்கே இனிதே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஓரமாகப் போனால் தண்ணீர் தெறிக்காது, தெறிக்காவிட்டால் படம் எடுபடாது. திரும்பி வந்து கைபேசியை அவரிடம் நீட்டினேன்.

“அதான் போய்ட்டியே சார், மறுக்கா எதுக்கு?” என்றார். வீடியோவுக்கு என்றேன். இன்னும் யோசனையோடுதான் வாங்கிக்கொண்டார்.

நடுவில் போனேன். நன்றாகத் தெறித்தது. அடுத்த நொடி முன்சக்கரம் இறங்கியது, தண்ணீர் சீட்டுக்கு வந்தது, எஞ்சின் நின்றது. இருவருமாக வண்டியைக் கரைக்குத் தள்ளினோம். அதன்பின் நான் செய்ததுதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம். ஸ்டார்ட்டரை அழுத்தினேன். மூன்றாம் முறை பிடித்தது. ஒரு நிமிடம் இருமிக்கொண்டே ஓடி மறுபடி நின்றது. வண்டியின் கையேடு சீட்டுக்கு அடியில் பாலித்தீன் உறையில் பத்திரமாக இருந்தது. மூழ்கிய எஞ்சினை எக்காரணம் கொண்டும் இயக்கக் கூடாது என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மாலையில் படித்தேன்.

கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் ஒன்றின் பின்னால் கயிறு கட்டி, செலியமேட்டில் சூசைராஜின் பட்டறைக்கு 11.30க்கு வந்தோம். பவர் டில்லரும் ஆயில் எஞ்சினும் பழுது பார்ப்பவர், நாற்பது வயதிருக்கும். ஒரு பவர் டில்லரைப் பிரித்துக்கொண்டே வண்டியை ஒருமுறை பார்த்தார்.

“தண்ணில நின்னப்புறம் ஸ்டார்ட் பண்ணீங்களா சார்?”

“இல்ல.”

“ஒருக்காகூட?”

“இல்லப்பா.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பின்னர் நிறைய யோசித்தேன். அவர் எனக்கு உறவில்லை, அதிகாரியும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது. படித்தவன் என்ற தோற்றம் கொஞ்சம் நனைந்திருக்கும், அவ்வளவுதான். அது ஏற்கெனவே அரைக்கால் சட்டையோடு சேர்ந்து இடுப்புவரை நனைந்திருந்தது.

என் பதிலை வைத்து அவர் கணக்குப் போட்டார். எஞ்சின் ஓடாததால் ஒரு கழுவல் போதும். கழுவ ஒரு லிட்டர், ஊற்ற ஒரு லிட்டர். சாயந்தரத்துக்குள் தாராளமாக முடியும். அவருடைய மொபெட்டில் கிருமாம்பாக்கம் போய் இரண்டு லிட்டர் எண்ணெய் (லிட்டர் 380 ரூபாய்) வாங்கி 12.50க்குத் திரும்பினேன். அவர் எஞ்சினுக்கு அடியில் ஒரு வெள்ளைப் பெயின்ட் டப்பாவை வைத்து அடிபோல்ட்டைக் கழற்றினார்.

பால் ஊற்றிய காபி வந்தது. நிறமும் திக்கும் அப்படியே. நுரைகூட இருந்தது.

சூசைராஜ் டப்பாவை வெளியே இழுத்தார். “ஓடாத எஞ்சின்னா தண்ணி தனியா அடில நிக்கும். எண்ணெ மேல கருப்பா நிக்கும். போல்ட்ட தொறந்தா மொதல்ல தண்ணி வரும், அப்பால எண்ணெ வரும்” என்றார். விரலை டப்பாவில் தோய்த்துத் தேய்த்துக் காட்டினார். “இது தானா கலக்காது. யாராவது கலக்கணும்.”

அதற்குப் பிறகு அவர் என்னை சார் என்று அழைக்கவில்லை.

பாலாகிவிட்டால் மூன்று கழுவல் வேண்டும். இன்னும் இரண்டு லிட்டருக்காக நான் மறுபடி கிருமாம்பாக்கம் போனபோது கடை சாத்தியிருந்தது; ஐந்து மணிக்குத்தான் திறந்தார்கள். 5.40க்குத் திரும்பியபோது அவர் காற்று வடிகட்டியைப் பிழிந்து காயவைத்து, பிளக்கைக் கழற்றி சிலிண்டரில் இருந்த தண்ணீரையும் வெளியேற்றி, எண்ணெய்ச் சல்லடையை பெட்ரோலில் கழுவி, கையிலிருந்த இரண்டு லிட்டரில் முதல் இரண்டு கழுவலையும் முடித்திருந்தார். புது எண்ணெய் ஊற்றி, சூடேறும்வரை ஐந்து நிமிடம் ஓட்டி, சூட்டோடு வடிப்பது: இதுதான் ஒரு கழுவல். முதல் முறை வந்தது டீ. இரண்டாம் முறை மங்கிய டீ. மூன்றாவதை ஊற்றி ஓட்டியபின் வடிக்க மறுத்துவிட்டார். மூலை முடுக்கில் ஒட்டியிருக்கும் தண்ணீர் இரவில்தான் இறங்கும், அவசரப்பட்டால் ஒரே மாதத்தில் பேரிங் போகும் என்றார். அப்படியே ஏற்றிப் போகலாம் என்றால், குட்டியானைக்காரர் இருட்டியபின் வர முடியாது என்றுவிட்டார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“ண்ணா, வண்டில தண்ணி பூந்துடுச்சி. காலைலதான் தருவாங்களாம்.”

“ஸ்டார்ட் பண்ணியாடா?”

எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள்.

“பண்ணேன்.”

“எத்தினி வாட்டி?”

“மூணு.”

“சரி” என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை 6.30க்கு சூசைராஜ் போல்ட்டைத் திறந்தார். முதலில் ஒரு கரண்டி தண்ணீர் தனியாக வந்தது. பிறகு வந்த எண்ணெய் தெளிவாக இருந்தது. நான்காவது லிட்டரை ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டி, எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார்: தேன் நிறம். கூலி 600 ரூபாய். பால் எண்ணெயை வாய்க்காலில் கொட்டாதீர்கள். கட்டுமான ஆட்கள் கான்கிரீட் ஊற்றும் சென்ட்ரிங் பலகைக்குத் தடவ வாங்கிக்கொள்கிறார்கள்.

பாகூர் ஏரியைப் பார்க்க மார்கழியும் தையும் நல்ல மாதங்கள். காலை எட்டரைக்குள் போய்விடுங்கள். கலங்கலில் உள்ளூர்க்காரர் காட்டிய ஓரத்திலேயே ஒருமுறை மட்டும் கடக்கவும். வண்டி மூழ்கினால் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்; கை சும்மா இருக்காது. மெக்கானிக் கேட்கும் முதல் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். அவர் அதை உங்களை எடை போடுவதற்காகக் கேட்கவில்லை, எத்தனை லிட்டர் வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். எனக்கு இந்த வித்தியாசம் புரிய ஒரு நாள் ஆனது. முதலிலேயே நான்கு லிட்டர் வாங்கியிருந்தால் மூன்றாவது கழுவல் மூன்று மணிக்குள் முடிந்து, மிச்சமிருந்த தண்ணீர் வில்லியனூரிலேயே இரவில் இறங்கியிருக்கும், காலையில் அங்கேயே வடித்திருக்கலாம் என்று சூசைராஜ் சொன்னார். வருத்தத்தோடோ கோபத்தோடோ சொல்லவில்லை.

சனிக்கிழமை நடவு ஆட்கள் ஆறரைக்கு வயலில் இறங்கினார்கள். அண்ணன் வரப்பில் நடந்து எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார். வண்டி 9.20க்குப் போனது. அண்ணன் போவதற்குள்ளேயே மேற்குத் துண்டில் முக்கால் ஏக்கர் நட்டு முடிந்திருந்தது. அங்கே நாற்று ஒன்றரைச் சாண் இடைவெளியில் நிற்கிறது.