சாந்த்ராகாச்சிக் கணவர்

ஐரோப்பாவில் யுத்தம் நடந்த காலத்தில் சர்க்கார் எனக்கு ஒரு கணவரைக் கொடுத்தது. கல்கத்தாவுக்கு அக்கரையில், சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் குமாஸ்தா, ஓயாத ராத்திரி டியூட்டி, வீட்டுக்கு வருவதே அபூர்வம். அவ்வளவு தொந்தரவில்லாத கணவர் யாருக்கும் வாய்த்திருக்க முடியாது. ஏனென்றால் அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

நிஜக் கணவர் எனக்குப் பதினாலு வயதிலேயே விஷஜுரத்தில் போய்விட்டார். அப்பா ஊர் வாயைப் பொருட்படுத்தாமல் என்னைச் சென்னையில் படிக்கவைத்தார். அவரும் போனபின், கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு ஆபீசில் இருந்த அண்ணா என்னைப் பவானிப்பூர் வீட்டுக்குக் கூட்டிவந்தார். சீக்கிரமே வங்காளி பாஷை சரளமாக வந்துவிட்டது. அதுதான் வினை.

ஒருநாள் அண்ணாவுடன் ரகசியப் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். பாக்பஜாரில் ஒரு பெரிய வீடு. அதன் மூத்த மகன் ஜெர்மன்காரனிடம் துப்பாக்கி தருவிக்கத் திட்டமிட்ட கூட்டத்தில் ஒருவன். ரங்கூனுக்குப் போய்விட்டான் என்று வீட்டார் சொன்னார்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்பது இன்ஸ்பெக்டரின் சந்தேகம். அகப்பட்டால் தூக்கு. ஆனால் பெண்கள் இருக்கும் கட்டுக்குள் போலீஸ் புகுந்து, வெறுங்கையோடு திரும்பினால் தெருவே கொதிக்கும். ஆகவே முதலில் ஒரு பெண் உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லவேண்டும், மருமகள்களுக்கு இங்கிலீஷும் எம்பிராய்டரியும் கற்பிக்கிறவளாக.

"விதவையை அந்த வீட்டில் பூஜைக் கூடத்துப் பக்கம் விடமாட்டார்கள். சுமங்கலியாகப் போகவேண்டும்" என்றார் இன்ஸ்பெக்டர், மழை வரும், குடை எடுத்துப்போங்கள் என்கிற தோரணையில்.

வளையல், குங்குமம், முலாம் பூசிய திருமாங்கல்யம் எல்லாம் சர்க்காரின் சில்லறைச் செலவுக் கணக்கில் வாங்கப்பட்டு, பணி முடிந்ததும் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு எனக்கு வந்தன. மஞ்சள் கயிற்றைக் கட்டிவிடச் சொல்லி மன்னியிடம் நீட்டினேன்.

"நான் மாட்டேம்மா. சர்க்கார்தானே கல்யாணம் பண்ணி வைக்கறது? லாட் துரையை வந்து கட்டச் சொல்லு" என்றாள்.

நானே கட்டிக்கொண்டேன். மூன்று முடிச்சும் பின்கழுத்தில் கை எட்டாமல் போட்டது. கெட்டிமேளம் இல்லை.

பாக்பஜார் வீட்டில் மூத்த மருமகளை எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவளுக்கு நான் தீதிமணி, அதாவது டீச்சரம்மா. என் வயதுதான். ஊசியில் நூல் கோக்கும்போதுகூட யாரையாவது கேலி செய்துகொண்டிருப்பாள். மொட்டைமாடி அறையில் விதவை அத்தை ஒருத்தி விரதம் இருக்கிறாள், ஒருவர் முகத்திலும் விழிக்கமாட்டாள் என்றாள். தினமும் பௌதியே தட்டை மூடி மேலே எடுத்துப்போவாள்.

துர்க்கா பூஜைக்குச் சற்று முன்பு ஒருநாள் அந்தத் தட்டு என்னைத் தாண்டிக் கீழே இறங்கியது. வங்காளி விதவை மீனைக் கையால்கூடத் தொடமாட்டாள். இந்தத் தட்டில் இலிஷ் மீனின் முள். வங்காளிகளுக்கு அந்த வாடை காற்று மாதிரி, இருப்பதே தெரியாது. மீனே நுழையாத வீட்டில் வளர்ந்த எனக்கு அது மாடிப்படி இறங்குவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆக, மேலே ஒரு பொய் விதவை, கீழே ஒரு பொய் சுமங்கலி. பாதுகாப்பான வீடு.

இன்ஸ்பெக்டரிடம் உடனே சொல்லியிருக்கவேண்டும். ஊர்ஜிதமாகாத தகவலைச் சொல்லக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. விதிகளை முழுக்கப் படித்தவர்களுக்கு அதில் எப்போதும் ஒரு நிழலான இடம் கிடைக்கும். விஜயதசமிக்கு மறுநாள் காலை அவர் வருவதாக இருந்தது. அதுவரை அங்கே உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அலுத்துப்போயிருந்தது. பிறர் வீட்டுச் சாப்பாட்டு வாசனையை மோந்து பார்த்துப் பிழைப்பது அவ்வளவு களைப்பான வேலை.

தசமியன்று துர்க்கையை ஆற்றுக்கு அனுப்புவதற்கு முன், சுமங்கலிகள் அவளுக்குச் சிந்தூரம் வைத்துவிட்டு, பிறகு ஒருவருக்கொருவர் வகிட்டில் வைப்பார்கள். கணவன் ஆயுளுக்காக. கூடத்தில் ஒரே சிரிப்பு, சிவப்புப் புழுதி. பௌதி என் கன்னமெல்லாம் அப்பிவிட்டுத் தலையைக் குனிந்து காட்டினாள்.

"ம், வையுங்க தீதிமணி. அந்த ரங்கூன்காரர் நூறு வயசு இருக்கட்டும்."

சிந்தூரத்தை விரலில் எடுத்தேன். கை அவள் வகிட்டுக்கு அருகே போய் நின்றுவிட்டது. விதவையின் கை பட்டால் ஆகாது என்பதையெல்லாம் நான் இங்கிலீஷில் கட்டுரை எழுதிக் கண்டித்தவள். கைக்கு இங்கிலீஷ் தெரியவில்லை.

பௌதி நிமிர்ந்தாள். என் முகத்தையும் விரலையும் பார்த்தாள். என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"எப்போ போனார்?"

"பதினாலு வயசுல."

"அப்போ சாந்த்ராகாச்சி?"

திருமாங்கல்யத்தைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டேன்.

"யார் அனுப்பினது?"

என் பார்வை வாசல் பக்கம் போயிற்று. அவளுக்குப் போதுமாக இருந்தது. சிவப்புக்கு அடியில் அவள் முகம் வெளுத்தது தெரிந்தது.

"அத்தை தட்டைப் பார்த்துட்டீங்களா?" என்றாள், மெல்ல.

"பார்த்தேன். விதவைக்கு இலிஷ் போடறவ, முள்ளையாவது பூனைக்குப் போட்டுட்டு இறங்கணும் பௌதி."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"நாளைக் காலையிலதான் கேட்க வருவார்."

அவள் அழவில்லை, காலில் விழவில்லை. மாடிப்படியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடி தலையைக் குனிந்தாள்.

"அப்படின்னா வையுங்க. இன்னிக்கு அவருக்கு எல்லார் கையும் வேணும்."

வைத்தேன். மூக்கிலும் கொட்டியது. தும்மினாள்.

மாலையில் இளைஞர்கள் மூங்கில்களைத் தோளில் ஏற்றித் துர்க்கையைத் தூக்கினார்கள். பின்மூங்கிலில் ஒருவன், முகம் முழுக்கச் சிந்தூரம், தோள் மட்டும் மாதக்கணக்கில் வெயில் படாத வெளுப்பு. பௌதி வாசலில் நின்று துர்க்கையைக் கும்பிட்டாள். அவன் பக்கம் கண் போகவே இல்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் லத்தியை நீட்டிக் கூட்டத்தை விலக்கி, அவனுக்குப் படித்துறைவரை வழிவிட்டார்கள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார்.

"மாடி அறை?"

"நீங்களே போய்ப் பார்க்கலாம். வீட்டில் ஆண் யாரும் ஒளிந்திருக்கவில்லை."

அன்றைக்கு அது உண்மை. அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு வளையல்களையும் திருமாங்கல்யத்தையும் கேட்டார். கத்திரிக்கோலால் கயிற்றை வெட்டிக் கொடுத்தேன். இரண்டாம் முறை விதவையானேன். இந்தத் தடவை நடைமுறைப்படி.

யுத்தத்துக்குப் பிறகு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்து, அதே சர்க்காரின் விதிகளைப் பிறருக்குச் சொல்லிச் சொல்லியே பென்ஷனும் வாங்கிவிட்டேன். பாக்பஜாருக்குத் திரும்பப் போகவில்லை. ஆனால் வருஷந்தோறும் விஜயதசமி கழிந்ததும் பவானிப்பூர் வீட்டுக்கு ஒரு மண்சட்டி நிறைய சந்தேஷ் இனிப்பு வந்துவிடும். யார் அனுப்பியது என்று கொண்டுவருகிறவனுக்குத் தெரியாது. மூடிமேல் ஒரு விரல் சிந்தூரம் தீட்டியிருக்கும். அந்த வீட்டில் விதவையின் கை சிந்தூரத்தைத் தொடாது. சட்டி வந்தால் நான் முதலில் மூடியைத்தான் பார்ப்பேன்.

இந்த வருஷமும் வந்தது. மன்னிக்குப் பல் போய்விட்டது, வாய் போகவில்லை.

"என்னடி, உங்காத்துக்காரர் அனுப்பினாரா? சாந்த்ராகாச்சியில சௌக்கியமா இருக்காராமா?"

மூடியைப் பார்த்தேன். சிவப்பு இருந்தது.

"சௌக்கியமா இருக்கார் மன்னி" என்றேன்.